இந்த இதழ் ஏன் தாமதம்



இந்த இதழ் ஏழு மாதம் தாமதமாக உங்கள் கைக்கு வருகிறது. இதழ் தாமதமானால் வழக்கமாக இந்தப் பக்கத்தில் காகித விலை, அச்சகக் கடன், தோழர்கள் மேல் போட்ட வழக்கு என்று எழுதுவோம். அதெல்லாம் பொய்யில்லை. ஆனால் இந்த முறை காரணம் வேறு. 43 பேர் அனுப்பிய ஆண்டுச் சந்தா, தலா 300 ரூபாய், ஆக 12,900 ரூபாயை நான் குடித்துத் தீர்த்துவிட்டேன். அச்சகத்துக்குக் கொடுக்கப் பணமில்லை.

இதை எழுத வேண்டாம் என்றுதான் ஆசிரியர் குழுவில் முதலில் சொன்னார்கள். "பணத்தைக் கட்டிடுங்க. தவிர்க்க முடியாத காரணம்னு ஒரு வரி போட்டுக்கலாம்" என்றார் ஒரு தோழர். இன்னொரு தோழர் கேட்டது அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடக் கூடியதாக இல்லை. "சேரிக்காரன்னாலே குடிகாரன்னு சொல்றவன் கையில நாமளே தடிய வெட்டிக் குடுக்கணுமா?"

குடியைப் பற்றி நம் இயக்கத்துக்குள் வாய் திறக்க முடியாமல் இருப்பதற்கு இந்தக் கேள்விதான் காரணம். குடிக்காத சாதி என்று தமிழ்நாட்டில் ஒன்றும் கிடையாது. ஏசி பாரில் உட்கார்ந்தால் அவர் 'எப்பவாவது சாப்பிடுவார்'. நம் ஆள் குடித்தால் அது பிறவிக் குணம். கூலி உயர்வு கேட்டு மறித்தாலும் சரி, கோயில் தெருவில் சைக்கிளில் போனாலும் சரி, 'குடிபோதையில் தகராறு' என்று எஃப்.ஐ.ஆரில் ஒரு வரி ஏறிவிடும். பிணக்குழி வெட்டுகிறவருக்கு, சாவுக்குப் பறையடிக்கிறவருக்கு, மலக்குழிக்குள் இறங்குகிறவருக்குக் கூலியோடு சேர்த்துச் சாராயத்தை வாங்கிக் கொடுத்துப் பழக்கியவர்கள்தான் அந்த வரியையும் எழுதுகிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள், நம் ஜனங்கள். அரசு 10 லட்சம் அறிவித்ததும் ஊரெல்லாம் என்ன பேசியது? குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பத்து லட்சம் என்றது. டீக்கடையில் அதை என் காதால் கேட்டேன். அன்றைக்கு நானும் குடித்திருந்ததால் சண்டை போடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஆகவே தோழரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இத்தனை வருஷ மௌனம் யாரைக் காப்பாற்றியது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. ஆர்ப்பாட்டம் முடிந்ததும் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் பிரிக்கிறோம். காலையில் 'மதுக்கடையை மூடு' என்று கத்திய தொண்டை சாயங்காலம் அதே கடை வாசலில் நிற்கிறது. கல்லீரல் கெட்டு வயிறு வீங்கிச் செத்த இரண்டு தோழர்களுக்கு இதே இதழில் அஞ்சலி எழுதியவன் நான். இரண்டிலும் 'உடல்நலக் குறைவால்' என்று எழுதினேன். இரண்டாவது அஞ்சலியைப் போதையில்தான் எழுதினேன்.

இன்னொரு மௌனமும் உண்டு. அது படித்தவர்களின் மௌனம். தொண்ணூறுகளில் நாங்கள் எழுதியதும் பேசியதும் பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். மதுவிலக்கு என்பது காந்திய ஒழுக்கவாதம், கள்ளும் மாட்டுக்கறியும் அடித்தட்டு மக்கள் கலாச்சாரம், புனிதங்களைக் கட்டுடைக்க வந்தவன் குடியைக் கொண்டாட வேண்டும் என்றெல்லாம் முழங்கினோம். மாட்டுக்கறி பற்றி எழுதியதில் இன்றைக்கும் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன். குடி பற்றிச் சொன்னதிலும் பாதி சரிதான். 1937இல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி தொடங்கிவைத்ததிலிருந்து மதுவிலக்கு இருந்த காலமெல்லாம் ஊறல் பானையைத் தேடிப் போலீஸ் நம் தெருவுக்குள்தான் நுழைந்தது. ஆனால் அந்தக் கட்டுரைகளை எழுதும்போதே காலையில் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. அதை எங்கேயும் எழுதவில்லை. கோட்பாடு எனக்கு ஊறுகாயாகப் பயன்பட்டது.

அம்பேத்கரையும் அப்படித்தான் பயன்படுத்தினேன். முதல் பொதுத்தேர்தலுக்காக 1951இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு வெளியிட்ட அறிக்கையில் அவர் மதுவிலக்கை எதிர்த்தார். இதை மேடைக்கு மேடை சொல்லியிருக்கிறேன். 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் அவர் மக்களோடு எடுத்துக்கொண்ட 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. இதை ஒரு மேடையிலும் சொன்னதில்லை. போலீஸை அனுப்பிப் பிடுங்குவது வேறு, ஒரு சனம் தானாகச் சேர்ந்து உட்கார்ந்து கையிலிருப்பதைக் கீழே வைப்பது வேறு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு வசதியான பாதி போதுமாக இருந்தது.

சந்தாப் பணம் போனதைக் கண்டுபிடித்தது என் இணையர். தபால் செலவு, சந்தாக் கணக்கு எல்லாம் அவர் கையில்தான் இருக்கிறது. "நோட்டுல கையெழுத்து உன்னுது. பணம் எங்க?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. அன்று ராத்திரி, இனிமேல் தொட மாட்டேன் என்று நானே முடிவு செய்து நிறுத்தினேன். மூன்றாம் நாள் சுவரெல்லாம் எறும்பு ஊர்ந்தது. இல்லாத ஆட்களோடு பேசினேனாம். விடியற்காலையில் வலிப்பு வந்து அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இதைப் படிக்கிற இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம். மாத்திரை கொடுத்து, வைட்டமின் பி1 ஊசி போட்டு, ஆஸ்பத்திரியில் வைத்து இறக்க வேண்டிய சுமை இது. 'மனசு வச்சா நிறுத்திடலாம்' என்று அடுத்தவருக்கு வசனம் பேசுகிறவர்கள் தயவுசெய்து இதை இரண்டு தடவை படிக்கவும். வீட்டில் அப்பாவோ அண்ணனோ அப்படி இருந்தால் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். ஓ.பி. சீட்டு வாங்குவதில் அவமானம் ஒன்றுமில்லை.

வார்டில் இருந்த டாக்டர் சின்னப் பெண். "மருந்து உடம்ப பத்து நாள் தாங்கும் சார். அதுக்கப்புறம் நீங்க ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகணும்" என்றார். ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், பெயர் சொல்லாத குடிநோயாளிகளின் கூட்டமைப்பு. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில், ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவைச் சிகிச்சை டாக்டரும், இரண்டு பேருமே குடிநோயாளிகள், ஒருவருக்கொருவர் பேசிக் குடிக்காமலிருக்க முடிகிறது என்று கண்டுகொண்டதில் தொடங்கியது. இது எனக்கு ஏற்கெனவே தெரியும். எல்லாம் படித்திருக்கிறேன். நம் ஊரில் அது எங்கே நடக்கிறது என்பதுதான் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் என் இணையர் காலண்டர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் ஒரு போன் நம்பர். அதே ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து இரண்டு வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். "சொன்னா அடிப்பியோன்னு சொல்லல" என்றார். நான் அடித்ததில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். என்னென்ன செய்தேன் என்று எனக்கு முழுசாக ஞாபகமில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

போன் போட்டேன். எடுத்தவர் பேரும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. "இன்னைக்குக் குடிச்சிருக்கீங்களா?" என்றார். இல்லை என்றேன். "நல்லது சார். ஏழு மணிக்கு வந்துடுங்க. ஒருவேளை குடிச்சிட்டாலும் வாங்க. அன்னைக்குப் பேசாம உக்காந்து கேட்டா போதும்."

இடம் டவுனில் ஒரு சர்ச் வளாகத்துக்குள் இருக்கும் தொடக்கப் பள்ளி. முதல் வாரம் கேட் வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். எத்தனையோ மேடை ஏறியவன், கலெக்டரிடம் நேருக்கு நேர் வாதாடியவன், அந்த கேட்டைத் தாண்ட முடியவில்லை. யாராவது பார்த்துவிடுவார்களே என்று பயம். டாஸ்மாக் வாசலில் நிற்கும்போது இந்தப் பயம் ஒருநாளும் வந்ததில்லை. சர்ச் என்பதும் உறுத்தியது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சாதிச் சுவரைப் பற்றி இதே இதழில் எழுதியவர்கள்தானே நாம். சர்ச்சுக்கும் கூட்டத்துக்கும் சம்பந்தமில்லை, அறைக்கு வாடகை கொடுக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

இரண்டாம் வாரம் உள்ளே போனேன். மூன்றாம் வகுப்பு அறை. காலையில் போட்ட கழித்தல் கணக்கு கரும்பலகையில் அழிக்காமல் இருந்தது. குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் முட்டி இடிக்க எட்டு பேர். ஒருவர் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் படித்தார். பிறகு ஒவ்வொருவராகத் தன் பேரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று தொடங்கித் தன் கதையைச் சொன்னார்கள். என்ன சொன்னார்கள் என்று எழுத மாட்டேன். அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும் என்பது கட்டுப்பாடு. எப்படிக் கேட்டார்கள் என்பதை எழுதலாம். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசவில்லை. கேள்வி இல்லை, அறிவுரை இல்லை, 'தோழர் சொன்னதில் எனக்கு மாறுபாடு உண்டு' இல்லை. முப்பது வருஷமாகக் கூட்டம் நடத்துகிற நமக்கு இப்படி ஒரு கூட்டம் நடத்தத் தெரியாது. நடுவில் ஒரு பை சுற்றி வந்தது. இஷ்டப்பட்டதைப் போடலாம். புதிதாக வருகிறவர்கள் போட வேண்டாம் என்றார்கள். வெளியார் யாரிடமும் நன்கொடை வாங்குவதில்லையாம்.

யாரும் 'எந்த ஊரு' என்று கேட்கவில்லை. நம் நாட்டில் பேரைச் சொன்னதும் ஊர், ஊரைச் சொன்னதும் ஊரில் எந்தப் பக்கம், அதைச் சொன்னதும் முகம் மாறும் என்பதை அனுபவித்த ஒருவனுக்கு ஒன்றரை மணி நேரம் அந்தக் கேள்வி வராமலிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதை நம்பி ஏமாந்துவிடவும் தயாராயில்லை. சாதியைச் சொல்லாமல் மறைப்பதும் சாதியை ஒழிப்பதும் ஒன்றில்லை என்று எழுதி வந்தவன் நான். ஏ.ஏ.விலும் அது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஆரம்ப காலத்தில் பல ஊர்க் குழுக்களில் கறுப்பரைச் சேர்க்கவில்லை. 1945இல் வாஷிங்டனில் கறுப்பர்கள் தங்களுக்கென்று ஒரு குழுவைத் தொடங்கிக்கொண்டார்கள். அதன் தொடக்க உறுப்பினரான ஒரு கறுப்பின டாக்டர் தன் கதையை எழுதியிருக்கிறார். குடிக்காமலிருக்க விருப்பம் என்ற ஒரு தகுதி போதும் என்று விதி எழுதியவர்கள் ஊரிலும் அப்படி.

எங்கள் அறையிலும் ஒரு முகம் எனக்குத் தெரிந்த முகம். எந்த ஊர் என்று சொல்லக் கூடாது. எங்கள் பகுதியில் நடக்கும் ஒரு வன்கொடுமை வழக்கில் அவர் எதிர்த் தரப்பு ஆள். அவரும் என்னைப் பார்த்துவிட்டார். கூட்டம் முடிந்து எல்லோரும் எவர்சில்வர் டம்ளரில் டீ குடித்தோம். டம்ளர் கழுவுவது வாரத்துக்கு ஒருவர். அந்த வாரம் அவர் முறை. பைப்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான் குடித்த டம்ளரையும் சேர்த்துக் கழுவிக் கவிழ்த்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. வழக்கு நடக்கிறது. அடுத்த வாய்தாவுக்கு நாங்கள் சாட்சிகளோடு போவோம், அவர் அவர் வக்கீலோடு வருவார். அந்த அறையில் நடந்ததை வைத்து அங்கே ஒன்றும் மாறாது, மாறவும் கூடாது. ஆனால் அவரும் நானும் ஒருவர் சொன்னதை ஒருவர் கேட்டிருக்கிறோம். இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குப் பிடிபடவில்லை.

மூன்றாம் வாரம் நான் பேசினேன். 'நான் ஒரு குடிநோயாளி' என்று சொல்லும்போது, இருபது வயதில் முதல்முதலாக ஒரு மேடையில் 'நான் பறையன்' என்று சொன்ன நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் தொண்டை இப்படித்தான் அடைத்தது. ஒன்று நம்மேல் சுமத்திய இழிவைத் திருப்பி எறிவது, மற்றது நோயை ஒப்புக்கொள்வது. தொண்டைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

சண்டையும் இருக்கிறது. பன்னிரண்டு படிகளில் முதல் படியே, மதுவிடம் நாம் சக்தியற்றவர்கள் என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. சக்தியற்றவன் என்று ஆயிரம் வருஷமாகச் சொல்லப்பட்டவனிடம் இதைச் சொல்லலாமா? கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் அனுமதியோடு எழுதுகிறேன். "அவ்ளோ தூரம் போவாதீங்க சார். பத்தாவது கிளாஸ் நம்மள கவுக்கல, முதல் கிளாஸ்தான் கவுக்குது. அத எடுத்துட்டா அப்புறம் நம்ம கையில ஒண்ணும் இல்ல. அந்தப் படி அதத்தான் சொல்லுது." எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் நடுவில் ஒரு நாள், சாவு வீட்டில், ஒரே ஒரு கிளாஸ் என்று எடுத்து, நாலு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

அடுத்த சண்டை கடவுள். நம்மைவிட மேலான ஒரு சக்தியை நம்பச் சொல்கிறார்கள், கூட்டம் பிரார்த்தனையோடு முடிகிறது. எழுந்து நிற்கிறேன், உதட்டை அசைப்பதில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மேலான சக்தி என்ற இடத்தில் அந்த எட்டு பேரை வைத்துக்கொண்டேன். பௌத்தத்தில் மூன்றாவது சரணம் சங்கம். அதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், அந்தப் பெஞ்சில்தான் அதற்கு ஒரு அர்த்தம் கிடைத்தது.

மூன்றாவதுதான் பெரிய சண்டை, அது தீராது. ஏ.ஏ. வெளி விவகாரம் எதிலும் கருத்துச் சொல்லாது. 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய டாஸ்மாக், 2003இல் சில்லறை விற்பனையையும் அரசின் கைக்குக் கொண்டுவந்ததைப் பற்றியோ, 2023-24இல் மதுவிலிருந்து அரசுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்ததைப் பற்றியோ அந்த அறையில் பேச்சே கிடையாது. ஊற்றிக் கொடுப்பவனை விட்டுவிட்டு நோயாளியிடம் மட்டும் பேசுவது அரசியலற்ற வேலைதான். ஆனால் நாம் ஊற்றிக் கொடுப்பவனிடம் மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம். கடையை மூடும் வரை நோயாளி எங்கே போவான்? அவன் சம்சாரம் எங்கே போவாள்?

இந்த இரண்டாவது கேள்வி என்னுடையதில்லை. "நீ வாராவாரம் போய்ப் பேசிட்டு வர. உனக்கு லேசாயிடுது. நான் எங்க போய்ப் பேசறது?" என்று என் இணையர் கேட்டார். குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனி அமைப்பு 1951 முதல் இருக்கிறது. எங்கள் டவுனில் இல்லை. நான் சேர்ந்த கூட்டத்தில் ஒரு பெண்கூட இல்லை. குடிக்கிற பெண்கள் நம் தெருக்களில் இல்லாமலில்லை, நடவுக்கும் செங்கல் சூளைக்கும் போய் உடம்பு வலிக்குக் குடிக்கிறவர்கள். ராத்திரி ஏழு மணிக்கு அவர்கள் டவுனுக்குப் பஸ் ஏறி வருவார்களா? கூட்டம் எட்டரைக்கு முடிகிறது. எங்கள் காலனிக்குக் கடைசி பஸ் எட்டே கால். நான் டிவிஎஸ்ஸில் போகிறேன். கொத்து வேலைக்குப் போய் ஆறரைக்குத் திரும்புகிறவர் போக முடியாது.

அதனால் எங்கள் காலனி அம்பேத்கர் படிப்பகத்தில் சனிக்கிழமை ராத்திரி ஒரு கூட்டம் தொடங்கியிருக்கிறோம். குடியை நிறுத்த விரும்பும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே ஒரு குழு என்பது அவர்கள் விதி. வேறு எந்த அமைப்போடும் சேர்ந்திருக்கக் கூடாது என்பதும் விதி. கொடி கட்டச் சொன்ன தோழர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டோம், வருத்தம்தான் அவர்களுக்கு. மன்றத்துக்கு வாரம் 50 ரூபாய் வாடகை. சுவரிலுள்ள அம்பேத்கர் படத்தை எடுக்க வேண்டுமா என்று டவுன் பெரியவரிடம் கேட்டேன். "அந்த கிளாஸ்ல காந்தி படம், மாதா படம் எல்லாம் மாட்டியிருக்கு. அதுங்க கீழதான உக்காந்திருக்கோம். இருக்கட்டும்" என்றார்.

முதல் சனிக்கிழமை மூன்று பேர். இரண்டாவது வாரம் ஒருவர், அவரும் குடித்துவிட்டுத்தான் வந்தார், கடைசிவரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வாரம் மழை, ஒருவரும் வரவில்லை. பாயை விரித்து எட்டரை வரை இருந்துவிட்டு, 50 ரூபாயை உண்டியலில் போட்டுப் பூட்டிக்கொண்டு வந்தேன்.

12,900இல் இதுவரை 4,500 கட்டியிருக்கிறேன், பாக்கி 8,400. பணம் திரும்ப வேண்டும் என்கிற சந்தாதாரர்கள் எழுதினால் முதலில் அவர்களுக்கு அனுப்பப்படும். சந்தாக் கணக்கு இனி என் இணையர் பேரில். அச்சுப் பொறுப்பை இரண்டு மாணவத் தோழர்கள் எடுத்திருக்கிறார்கள். ஏ.ஏ.காரர்கள் பத்திரிகையில் தங்கள் பேரைப் போடுவதில்லை என்பதால் இந்தப் பக்கத்தின் அடியில் வழக்கமாக இருக்கும் பேர் இந்த முறை இல்லை. யார் என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் விதி விதிதான்.

அடுத்த இதழ் இரண்டு மாதத்தில்.